திரிசூலத்தில் இறங்கியவர்

“ஏரோப்ளேன் ஏர்றதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா. உங்க வீட்டு ஆளுங்க ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்றதே பெரிய விஷயமாச்சே.”

எதிர்வீட்டு அத்தை இதைச் சொன்னபோது ராட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குறுக்கிழைக்கான ஊடைப் பட்டைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். கம்பெனி என்னைப் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு அனுப்புகிறது என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். வழக்கமான கிண்டல் என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன். தெருவைக் கடந்து எங்கள் வீட்டுப் படியில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. உங்க வீட்டு ஆளுங்க என்றாரே, யாரைச் சொன்னார்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு அறிந்தவரை எங்கள் வீட்டிலிருந்து விமானம் ஏறியவர் ஒருவர் இருக்கிறார். என் அப்பா. சிங்கப்பூரில் நடந்த ஒரு கண்காட்சியில் பத்து நாள் தறி போட்டு நெய்து காட்டிவிட்டு வந்தவர். எங்கள் வீட்டுக்குச் சிங்கப்பூரார் வீடு என்றே பெயர். பால் ஊற்றுபவரும் பட்டு முதலாளியின் ஆளும் அப்படித்தான் வழி கேட்டு வருவார்கள். பள்ளியில் நான் சிங்கப்பூரார் பொண்ணு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான், கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இதையெல்லாம் கூச்சப்படாமல் சொல்லிக்கொள்வேன். விமானத்தில் மட்டும் நான் இரண்டாவது. தெருவைப் பொறுத்தவரை.

உண்மையில் அப்பா விமானம் ஏறவில்லை. அது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று அன்றுவரை நம்பியிருந்தேன்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. ஒரு சங்கத்தார் பல ஊர்களிலிருந்து நெசவாளர்களைத் தேர்ந்தெடுத்து அந்தக் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். எங்கள் ஊரிலிருந்து அப்பா ஒருவர். பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது தெருவே அவருக்குக் காபி கொடுத்தது. யாரோ சூட்கேஸ் கொடுத்தார்கள், யாரோ ஷூ கொடுத்தார்கள். கிளம்பும் நாள் திங்கட்கிழமை. திங்களன்று கிழக்கே சூலம் என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். எங்கள் ஊருக்கு விமான நிலையம் கிழக்கேதான் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது? மாலை போட்டு, எதிர்வீட்டு அத்தை ஆரத்தி எடுத்து, அப்பாவைக் காலை ரயிலில் ஏற்றிவிட்டார்கள். ரயில் போதும், திரிசூலத்தில் இறங்கினால் எதிரிலேயே ஏர்போர்ட்டு, பஸ்ஸு மாதிரி ட்ராபிக்கில் மாட்டாது என்று தெருவில் எல்லாருமாக முடிவு செய்திருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட அதுவரை விமான நிலையத்தைப் பார்த்ததில்லை.

அன்று இருட்டிய பிறகு கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். பின்சந்து வழியாக வந்திருக்கிறார். நெற்றியில் ஆரத்திக் குங்குமம் அப்படியே இருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“ரயிலு நின்னுடுச்சி. பாலூர்ல கிராசிங்குன்னு போட்டுட்டான்.”

மறுநாள் காலையில் பால்காரர் வாசலில் நின்று, “இன்னாம்மா, அண்ணன் போய்ச் சேந்துட்டாரா?” என்று கேட்டார். அம்மா ஒரு கணம் அவர் கையிலிருந்த பால்கேனைப் பார்த்தாள். “இந்நேரம் எறங்கியிருப்பாரு,” என்றாள். யாரும் திட்டமிட்டதல்ல. ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு திரும்ப வழியில்லை. பத்து நாளும் அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

அந்தப் பத்து நாட்களை நினைத்தால் இப்போதும் என் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. உள்ளறையில் விளக்குப் போடக் கூடாது. அப்பாவுக்கு இருமல் வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்வார். தறியைத் தொடக் கூடாது. எங்கள் தெருவில் எந்த வீட்டில் யார் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். இழையை நெருக்கப் பலகை அடிக்கும் தட்டு ஒவ்வொருவருக்கும் வேறு. அப்பாவுடையது இரண்டு தட்டு, இரண்டாவது கொஞ்சம் பிந்தி விழும். அம்மாவுடையது ஒற்றைத் தட்டு. அதனால் அம்மா மட்டும் நெய்தாள். பள்ளி விட்டு வந்ததும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாக்கட்டையைப் போட்டுக் கொடுப்பேன்.

ஒருநாள் அரைநாள் பள்ளி. அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் சத்தமில்லாமல் உள்ளே வந்தபோது தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். கை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. கால் மிதித்துக்கொண்டிருந்தது. ஆனால் கை எதையும் பிடிக்கவில்லை, கால் எதன்மேலும் படவில்லை. பலகைக்கு ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் நெய்துகொண்டிருந்தார். ஒரு சத்தம் இல்லை. நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அப்படியே பின்வாங்கி வாசலுக்குப் போய், செருப்பைச் சத்தமாகக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தேன். அப்போது தறியில் யாரும் இல்லை.

அதே வாரம் வகுப்பில் டீச்சர் உலகப் படத்தை மாட்டி, “உங்க அப்பா எங்க இருக்காரு, வந்து காட்டு,” என்றார். நான் போய் அந்தச் சின்னப் புள்ளியில் விரல் வைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

பத்தாம் நாள் விடிவதற்கு முன் அப்பா பின்சந்து வழியாக வாலாஜாபாத்துக்குப் போய், வெயில் ஏறியதும் சூட்கேஸோடு முன்வாசல் வழியாக வந்து இறங்கினார். கோடாலித் தைலமும் சாக்லேட்டும் அம்மா இடையில் ஒருநாள் சென்னைக்குப் போய்ப் பாரிமுனையில் வாங்கி வைத்திருந்தாள். தெரு கூடிவிட்டது. அங்க ரோடு எப்படி, சாப்பாடு எப்படி, மேல போறப்ப காது அடைக்குமா என்று கேட்டார்கள். அப்பா பதில் சொன்னார். முதலில் தயங்கித் தயங்கி. வருடம் போகப் போக, தயங்காமல். எனக்கு விவரம் தெரிந்தபோது வீட்டில் இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள். ஒருவர் சிங்கப்பூர் போய் வந்தவர், வாசலில் நின்று சிரித்துப் பேசுகிறவர். இன்னொருவர் உள்ளறையிலிருந்து இன்னும் வெளியே வராதவர். இரண்டாமவரை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது திடீரென்று மெல்லுவதை நிறுத்திவிட்டு வாசற்பக்கம் காது கொடுப்பார்.

இப்போது எனக்கு முறை வந்தது. பயணம் சனிக்கிழமை, பிற்பகல் விமானம். அப்பா என்னோடு விமான நிலைய வாசல் வரை வரவேண்டும் என்று நினைத்தேன். ஊர் வழக்கத்துக்காக அல்ல. அந்த வாசலை அப்பா எட்டாததில் தொடங்கிய ஏதோ ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் முடியாமல் இருந்தது. நான் மட்டும் அதைத் தாண்டிப் போய்விட்டால் அது அப்பாவோடு அப்படியே தங்கிவிடும் என்று பயந்தேன்.

“நான் வர்ல. நான் வந்தா ராசியில்ல,” என்றார் அப்பா.

“வாசல் வரைக்கும்தாம்பா.”

“உங்கம்மாவ கூட்டிக்கினு போ. பஸ்ஸுல போங்க. ரயிலு மட்டும் வேணாம், சொல்ட்டேன்.”

வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம்தான். காரில் ஏறிய அரைமணியில் அப்பாவுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிடும். கார் என்றால் அவர் இல்லை என்று அர்த்தம். அதனால் பஸ்ஸா ரயிலா என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபித்து, எது சரியோ அதில் அவரை ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பாகம் உடைந்தால், அது எங்கே, எதனால் உடைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. யாரோ சொன்ன காரணத்தை அப்படியே எழுதிக்கொள்ள எங்களுக்கு அனுமதி இல்லை. பாகத்தை எடுத்துச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

முதல் சனிக்கிழமை பூந்தமல்லி வழியாகப் போகும் பஸ். ஸ்ரீபெரும்புதூர் வரை ராஜபாட்டை. சன்னலோர இருக்கை, நல்ல காற்று. அதற்குப் பிறகு லாரிகளுக்கு நடுவில் பஸ் ஒரு லாரியாகிவிட்டது. பூந்தமல்லியில் இறங்கி மாறி, மறுபடி ஒரு இடத்தில் மாறி, விமான நிலையத்துக்கு எதிரில் நான் இறங்கியபோது சூட்கேஸ் இல்லாமலேயே களைத்திருந்தேன். சூட்கேஸோடு மூன்று பஸ் ஏறி இறங்குவது நடக்காது.

அடுத்த சனிக்கிழமை வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் போகும் பஸ். தினம் வேலைக்குப் போகும் பாதி வழி அது. எனக்கு அத்துப்படி. நடத்துநரிடம், “ஏர்போர்ட்டு போறதுக்கு எங்க எறங்கணும்?” என்று கேட்டேன்.

“தாம்பரத்துல எறங்கி வேற வண்டி புடிம்மா. இது உருள்ற வண்டி, பறக்காது,” என்றார். பின்னாலிருந்த காய்கறிக்காரம்மா சிரித்தார். “இன்னா கண்ணு, துபாயா?”

“ஜெர்மனி.”

“அங்கயும் வெயிலா?”

இந்த வழி பரவாயில்லை. ஆனால் படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்னால் வண்டி நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கார்களில் வந்தவர்கள் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். நான் ஏறப்போவதும் ஒரு சனிக்கிழமை, அதுவும் முகூர்த்த மாதம். இந்த வழி என்றைக்கு ஓடும் என்றைக்கு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது சனிக்கிழமைதான் ரயில். இதை ஏன் கடைசிக்குத் தள்ளினேன் என்று எனக்கே தெரியும். அப்பா ஏறிய அதே காலை ரயில். பெட்டியில் பாதி காலி. பழையசீவரத்தில் பாலாறு மணலாகக் கிடந்தது. அடுத்தது பாலூர். அங்கே ரயில் நின்றது. சிறுவயதிலிருந்து பேய் இருக்கும் புளியமரம் போலக் கேட்டுப் பழகிய பெயர். வெளியே பார்த்தேன். ஒரு சின்ன நிலையம், ஒரு வேப்பமரம், வெயிலில் படுத்திருந்த ஒரு நாய். எதிர் ரயில் வந்து கடந்தது. எங்கள் ரயில் கிளம்பியது. ஒரு டீயை ஆற்றிக் குடிக்கும் நேரம்கூட இல்லை.

திரிசூலத்தில் இறங்கியபோது மதியத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. சுரங்கப்பாதை வழியாகப் போய் விமான நிலைய வாசலைத் தொட்டுவிட்டு மறுபடி பிளாட்பாரத்துக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அன்று அப்பாவின் விமானமும் பிற்பகலில்தான். பாலூரில் ரயில் ஒரு மணி நேரம் நின்றிருந்தாலும் போயிருக்கலாம். இரண்டு மணி நேரம் நின்றிருந்தாலும் ஓடிப் போயிருக்கலாம். பாகம் அங்கே உடையவில்லை.

எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சில் ஒருவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சூட்கேஸ். ரயில்கள் வந்தன, போயின. அவர் எதிலும் ஏறவில்லை. வெள்ளைச் சட்டையின் தோளில் வியர்வை. அவர் யாரோ, எங்கே போகிறவரோ. ஆனாலும் அவர் எழுந்து திரும்புவதற்குள் அங்கிருந்து போய்விடவேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். வந்த ரயிலில் ஏறிவிட்டேன்.

அன்று மாலை அப்பா தறியில் இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக்கொண்டே சொன்னேன்.

“அப்பா, பாலூர்ல ரயிலு அவ்ளோ நேரம் நிக்கல.”

தட்டு ஒன்று விழுந்தது. பிந்தி விழவேண்டிய இரண்டாவது தட்டு விழவில்லை.

“அன்னிக்கு நின்னுச்சி,” என்றார்.

“நின்னாலும் நேரம் இருந்திருக்குமேப்பா.”

“நீ படிச்ச பொண்ணு. உனுக்குத் தெரியும். எனுக்கு அன்னிக்கு நின்னுச்சி.”

அதற்குப் பிறகு இரண்டாவது தட்டு விழுந்தது. அடுப்படியில் அம்மா பாத்திரத்தை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். அம்மா எதையும் ஓசைப்படாமல் வைக்கிறவள் அல்ல.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அத்தை எங்கள் வாசலுக்கு வந்தார். “சனிக்கிழமை கிழக்கால சூலம். பரஸ்தானம் எந்த வீட்ல வெக்கப்போறீங்க?” என்று கேட்டார். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரத்தில், பயணத்தில் கொண்டுபோகும் பொருள் ஒன்றை எடுத்து வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பொருள் படி தாண்டிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போனால் போதும். எங்கள் தெருவில் திருப்பதிக்குப் போவதற்குக்கூட இதைச் செய்வார்கள்.

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம்,” என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமையில் நகம் வெட்டாதவள் அம்மா. வேலைக்கு முதல்நாள் நான் போகும்போது எதிரில் யார் வருகிறார்கள் என்று தெருமுனை வரை பார்த்துவிட்டு வந்தவள். அவள் வேண்டாம் என்று சொன்ன விதத்தில் அத்தை திரும்பிப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

“அத்தை, அன்னிக்கு எங்க வீட்டு ஆளுங்கன்னு சொன்னீங்களே. யாரச் சொன்னீங்க?”

ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார். சுற்றவில்லை. “தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப்போற?”

“ரயிலு நிக்கல அத்தை. நான் போய்ப் பாத்துட்டேன்.”

“அது எதுக்கு நிக்கப்போவுது?” என்றார். சாமி மாடத்தைக் காட்டினார். சின்ன மாடம், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்கு. “தோ, இங்கதான் வெச்சிருந்துச்சி. மஞ்சப் பை. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் உங்கம்மா எடுத்தாந்து வெச்சா. துண்டு, வேட்டி வெச்சா போதும்டின்னேன். முக்கியமானத வெச்சாதான் சாமி கூடவே போவும்னு பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு ரெண்டையும் உள்ள வெச்சிட்டா. காலைல ஒரே கும்பலு. மாலை இன்னா, மேளம் இன்னா. அவ எடுத்துக்கினு இருப்பான்னு உங்கப்பா நெனச்சாரு. அவரு பொட்டில வெச்சிக்கினாருன்னு உங்கம்மா நெனச்சா. நான் ஆரத்தித் தட்ட எடுத்துக்கினு ஓடியாந்துட்டேன். சாயந்திரம் வெளக்கேத்த வரேன், பை இங்க இருக்குது.”

நான் மாடத்துக்கு எதிரில் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

“மறுநாள் விடிஞ்சதும் பைய முந்தானைல சுத்திக்கினு உங்க வாசலுக்கு வந்தேன். உங்கம்மா பால்காரங்கிட்ட சொல்லிக்கினு இருக்கா, இந்நேரம் எறங்கியிருப்பாருன்னு. நான் இன்னா பேசறது? திரும்பி வந்துட்டேன்.”

“அப்போ பத்து நாளும் உங்களுக்குத் தெரியுமா?”

“கொழம்பு குடுத்தனுப்பலியா நானு? உனுக்கும் உங்கம்மாவுக்கும் அவ்ளோ கொழம்பு எதுக்குடி? பூண்டுக் கொழம்பு நீ தின்னுவியா?”

நான் தின்றதில்லை. இப்போதும் தின்பதில்லை. அந்தப் பத்து நாளில் எதிர்வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் தூக்கு எனக்கு நினைவு வந்தது. அது காலியாகத் திரும்பிப் போனதும்.

“உங்கப்பா வந்து எறங்கினாரு பாரு, அன்னிக்குக் கும்பல்ல பைய அவரு பொட்டிகிட்ட வெச்சிட்டு வந்துட்டேன். உங்கம்மா பாத்துட்டா. என்னையும் பாத்தா. எல்லாருக்கும் ஒரு தைலம், எனுக்கு மட்டும் மூணு.” அத்தை சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னிக்கு வரைக்கும் அவளும் கேக்கல, நானும் சொல்லல. தலவலின்னா அந்தத் தைலத்தத் தேய்க்கக்கூட எனுக்கு மனசு வர்ல பாப்பா.”

வீட்டுக்கு வந்தேன். அப்பா நெய்துகொண்டிருந்தார். ரயில் நின்றுவிட்டது என்று அவர் ஏன் இத்தனை வருடம் சொல்லிவந்தார் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு போய் வைத்தவள் அம்மா. பழியை யார்மேலாவது போட்டாகவேண்டும். பாலூருக்கு வாய் இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை நல்ல நேரம் பார்த்து ஒரு துணிப்பையில் என் துப்பட்டாவை மடித்து வைத்தேன். விமானத்தில் குளிரும் என்று போர்த்திக்கொள்ள எடுத்து வைத்திருந்தது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் என் தோள்பையில், என் மேலேயே இருந்தன. பையைக் கையில் எடுத்ததும் அம்மா வழியை மறித்து நின்றாள்.

“எங்கடி போற?”

“எதிர்வீட்டுக்கு.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. விலகி நின்றாள். தறிப்பக்கம் சத்தம் நின்றிருந்தது. நான் தெருவைக் கடந்து அத்தையிடம் பையைக் கொடுத்துத் திரும்பும்வரை அது நின்றே இருந்தது.

காலையில் நாங்கள் கதவைத் திறந்தபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, பையை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அப்பா சட்டை போட்டிருந்தார். ஆனால் செருப்பு போடவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு நின்றுவிடுவதாகத்தான் அவர் எண்ணம்.

அத்தை பையை என்னிடம் தரவில்லை. நேராக அப்பாவிடம் போனார்.

“இந்தாண்ணா. இத நீ புடி. இந்த வாட்டி நான் மறக்கல.”

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு அது வெறும் பை. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பையைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“பஸ்ஸா?” என்றார்.

“ரயிலுப்பா.”

அவர் செருப்பைத் தேடினார்.

“நானும் வரேன்,” என்றார் அத்தை. “இவ உள்ள போறத கண்ணால பாத்தாத்தான் எனுக்குத் தூக்கம் வரும்.”

காஞ்சிபுரம் நிலையத்தில் நான்தான் டிக்கெட் எடுத்தேன். திரிசூலத்துக்கு, எனக்குப் போக மட்டும். மற்ற மூவருக்கும் போகவர.

பாலூரில் ரயில் நின்றது. அப்பா எழுந்து கதவருகில் போய் நின்றார். பை அவர் கையிலேயே இருந்தது. எதிர் ரயில் கடந்தது. எங்கள் ரயில் மெல்ல இழுத்தது. “எடுத்துட்டான்,” என்றார் அப்பா, பொதுவாக. வந்து உட்கார்ந்தார். அம்மா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

திரிசூலத்தில் இறங்கி நடந்தபோது அப்பா ஓரிடத்தில் நின்றுவிட்டார். அங்கே தண்ணீர்க் குழாய்தான் இருந்தது.

“பெஞ்சி அப்ப இங்க இருந்துச்சி,” என்றார். “வெயிலு ஏற ஏற நெழலு அந்தப் பக்கம் போய்டும். நானும் நகந்து நகந்து உக்காந்தேன்.”

அம்மா அவர் கையிலிருந்த பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அப்படியே அதைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதையில் இறங்கினார்கள். உள்ளே ஒரு துப்பட்டாதான். அதன் கனம் அவர்களுக்குத்தான் தெரியும்.

விமான நிலைய வாசலில் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் கேட்டார். நான் எடுத்துக் கொடுக்கும்போது மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குப் பின்னால் கேட்டது. காவலர் முகத்தைப் பார்த்தார், தலையசைத்தார். அப்பா பையை என்னிடம் நீட்டினார். ஒரு நொடி விடவில்லை. பிறகு விட்டார்.

“போ. பின்னால ஆளு நிக்குது,” என்றார்.

கண்ணாடிக்கு உள்ளே வந்து திரும்பிப் பார்த்தேன். அப்பா கையை உயர்த்தி உள்ளே எதையோ சுட்டிக்காட்டி அத்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இங்க பொட்டிய வாங்கிக்குவாங்க, அப்புறம் அந்தப் பக்கம் போவணும் என்று சொல்லியிருப்பார். தெருவில் பல வருடம் சொன்னதுதான். அத்தை கன்னத்தில் கை வைத்து, எதுவும் தெரியாதவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா சுட்டிய திசை தவறு. பெட்டி வாங்கும் இடம் இடப்பக்கம் இருந்தது. நான் இடப்பக்கம் போனேன்.

துப்பட்டாவைப் போர்த்தியிருக்கிறேன். அத்தை வீட்டு மாடத்தின் கற்பூர வாசனை அடிக்கிறது. குடியேற்றச் சோதனைக் கோட்டைத் தாண்டிவிட்டேன், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிட்டது. இந்தக் கோட்டுக்கு அப்பால் எங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் ஆள் நான். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. விமானம் ஏறும் வரிசை நகர்கிறது. என் முறைக்கு எழுந்துவிட்டேன்.